ஆறு கீழே, பொன் மேலே: ஒடாகோ தங்க வயல்களுக்குத் தண்ணீர் போன வழி

தங்கச் சுரங்கம் என்றதும் நம்மில் பலருக்குக் கோலார்தான் நினைவுக்கு வரும். பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாக இறங்கி, பாறையை வெடித்து, கல்லை மேலே ஏற்றி, மாவாக அரைத்துப் பொன் எடுத்த இடம் அது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே உழைத்தன. அந்தக் கோலாரில் 1870களின் தொடக்கத்தில் தங்கம் தேடக் கிளம்பிய மைக்கேல் லாவெல், நியூசிலாந்துப் போரில் பணியாற்றித் திரும்பிய ஐரியப் படைவீரர். பொன் மீது அவருக்கு ஆசை பிறந்ததும் நியூசிலாந்தில்தான் என்பார்கள். ஆனால் நியூசிலாந்தில் அன்று மக்கள் அள்ளிய தங்கம் கோலார்த் தங்கத்தைப் போல் பாறைக்குள் பூட்டிக் கிடந்தது அல்ல. அது ஆற்று மணலிலும் சரளையிலும் உதிரியாகக் கிடந்தது. அதைப் பிரிக்க வெடிமருந்தைவிடத் தண்ணீர்தான் முக்கியம். நிறையத் தண்ணீர் வேண்டும், அது உயரத்திலிருந்து வரவும் வேண்டும்.

அந்தத் தண்ணீரை எப்படிக் கொண்டுவந்தார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை. தங்க வேட்டைக் கதைகளில் பொன் கண்டெடுத்தவரின் பெயர் வரும், கட்டிகளின் எடை வரும், குடியும் சூதும் வரும். மலையைச் சுற்றிப் பல பத்துக் கிலோமீட்டருக்கு மண்வெட்டியால் வாய்க்கால் வெட்டியவர்கள் வருவதில்லை. அவர்கள் வேலையைப் புரிந்துகொண்டால்தான் அந்த வேட்டை ஏன் ஓரிரு ஆண்டில் முடிந்துபோகாமல் பல பத்தாண்டுகள் நீண்டது என்பது விளங்கும்.

பொன் கிடைத்த கதை

நியூசிலாந்தின் தெற்குத் தீவில், அன்று பிரிட்டிஷ் காலனியின் ஒரு மாகாணமாக இருந்த ஒடாகோவில், 1861 மே மாதம் கேப்ரியல் ரீட் என்பவர் ஒரு பள்ளத்தாக்கில் சரளையைத் தோண்டிப் பார்த்தார். இருண்ட பனி இரவில் மிருகசீரிடத்து விண்மீன்கள் போலப் பொன் மின்னியதாக அவர் எழுதினார். அந்த இடத்துக்கு இன்றும் கேப்ரியல் பள்ளம் என்றுதான் பெயர். அவருக்குச் சில ஆண்டுகள் முன்பே அந்த வட்டாரத்தில் பொன் இருப்பதைக் கண்டு சொன்னவர் எட்வர்ட் பீட்டர்ஸ் என்ற இந்தியர், இந்தியாவின் மேற்குப் பகுதியிலிருந்து போனவர். ரீட் தேடிப் போனதே பீட்டர்ஸ் சொன்ன தகவலைக் கேட்டுத்தான். பரிசும் புகழும் ரீடுக்குக் கிடைத்தன. பீட்டர்ஸுக்கு முதுமையில் ஒரு சிறு தொகைதான் கிடைத்தது.

அந்த ஆண்டு முடிவதற்குள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்தப் பள்ளத்திலும் சுற்றுப்புறத்திலும் கூடிவிட்டார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஹார்ட்லி, ரைலி என்ற இருவர் டனீடன் நகரத்து அதிகாரியிடம் 87 ராத்தல் தங்கத்தைக் கொண்டுபோய் வைத்தார்கள். கிளூதா ஆற்றின் மலையிடுக்கில், கரையோரத் திட்டுகளில் எடுத்தது அது. கூட்டம் உடனே அங்கே பாய்ந்தது. அதே ஆண்டு ஷாட்டோவர், ஆரோ ஆகிய ஆறுகளிலும் பொன் கண்டார்கள்.

அந்த இருவர் தோண்டியது குளிர்காலத்தில். தென்கோளத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் குளிர்காலம். இது ஒரு சிறு விவரமாகத் தெரியலாம், ஆனால் நம் கதைக்கு இதுதான் கண். கிளூதா பனிமலைகளிலிருந்து நீர் பெறும் ஆறு. குளிர்காலத்தில் மலையில் பனி உறைந்து கிடக்கும்போது ஆறு வற்றி, கரைத்திட்டுகள் வெளியே தெரியும். வசந்தம் வந்து பனி உருகியதும் அந்தத் திட்டுகள் வெள்ளத்துக்குள் போய்விடும். ஆகஸ்டில் செய்தி கேட்டு ஓடிவந்தவர்களில் பலர் கூடாரம் அடித்து முடிப்பதற்குள் ஆறு ஏறத் தொடங்கிவிட்டது. அவர்கள் கரையைவிட்டு மேலே, ஆற்றுக்கு மேல் படிப்படியாக அமைந்திருந்த மேட்டுநிலங்களுக்கு நகர்ந்தார்கள். அங்கும் பொன் இருந்தது, ஆனால் கழுவத் தண்ணீர் இல்லை.

மேட்டில் பொன் எப்படி வந்தது?

ஒடாகோவின் மலைகள் ஷிஸ்ட் என்ற அடுக்கடுக்கான பாறையால் ஆனவை. அதனூடே ஓடும் வெண்கல் (குவார்ட்ஸ்) நரம்புகளில் பொன் இருந்தது. மழையும் பனியும் பல லட்சம் ஆண்டுகள் மலையைத் தேய்த்தன. தேய்ந்த கல்லும் மண்ணும் ஆற்றோடு போயின. பொன் கனமானது என்பதால் நீரோட்டம் தளரும் இடங்களில், பாறைத் தரையின் பிளவுகளில், பெரிய கற்களின் முதுகுப்புறத்தில் தங்கிவிட்டது.

ஆறு ஒரே மட்டத்தில் ஓடிக்கொண்டே இருப்பதில்லை. அது தன் படுகையை அரித்துக் கீழே இறங்கிக்கொண்டே போகும். அப்படி இறங்கும்போது பழைய படுகையின் ஓரங்கள் மேலே மேடாக நின்றுவிடும். இன்று ஆற்றுக்கு முப்பது, ஐம்பது மீட்டர் மேலே நிற்கும் மேடு, ஒரு காலத்தில் ஆறே ஓடிய தரை. அதில் புதைந்த பொன்னும் அங்கேயே நின்றுவிட்டது. தங்கம் தேடியவர்களுக்கு இது சீக்கிரமே புரிந்தது. மேட்டு விளிம்பில் வட்டமாகத் தேய்ந்த கூழாங்கற்களைப் பார்த்தாலே அது பழைய ஆற்றுத் தரை என்று சொல்லிவிடுவார்கள்.

தண்ணீர் எதற்கு?

பொன்னின் அடர்த்தி நீரைப் போல 19 மடங்கு. சாதாரண வெண்கல்லின் அடர்த்தி இரண்டரை மடங்கு சொச்சம். அதாவது ஒரே அளவுள்ள பொன் துணுக்கும் மணல் துணுக்கும் இருந்தால் பொன் ஏழு மடங்கு கனம். இரண்டையும் நீருக்குள் போட்டால் வித்தியாசம் இன்னும் கூடுகிறது. நீர் எந்தப் பொருளையும் அதன் பருமனுக்கு ஏற்ப மேலே தாங்கும் அல்லவா? அந்தத் தாங்கலைக் கழித்துவிட்டுப் பார்த்தால், நீருக்குள் பொன் துணுக்கு மணல் துணுக்கைவிட ஏறத்தாழ பதினோரு மடங்கு கனம். ஓடும் நீர் மணலை அடித்துக்கொண்டு போகும். பொன் அடியில் கிடக்கும்.

எந்தக் கருவியைப் பிடித்தாலும் அடிப்படை இதுதான். தட்டில் மண்ணையும் நீரையும் போட்டுச் சுழற்றினால் கடைசியில் பொன் துகள் மிஞ்சும். அதற்குச் சில வாளி நீர் போதும். ஆனால் நாளெல்லாம் குனிந்து உட்கார்ந்து சுழற்றினாலும் கழுவும் மண் கொஞ்சம்தான். அடுத்தது தொட்டில் என்ற ஆடும் பெட்டி. ஆட்டிக்கொண்டே மேலிருந்து நீரை ஊற்றுவார்கள். இதையும் ஆற்றங்கரையில் இருவர் சேர்ந்து சமாளித்துவிடலாம்.

மூன்றாவது கருவி வந்ததும் கணக்கு மாறுகிறது. அது ஸ்லூஸ் பெட்டி. மூடி இல்லாத நீண்ட மரத்தொட்டியைச் சற்றுச் சரிவாக வைத்து, அடியில் குறுக்குச் சட்டங்கள் அடித்திருப்பார்கள். மேல்முனையில் நீர் விடாமல் ஓட வேண்டும். மண்ணை மண்வெட்டியால் அள்ளி உள்ளே போட்டுக்கொண்டே இருப்பார்கள். சட்டங்களுக்குப் பின்னால் பொன் சிக்கிக்கொள்ளும். நாள் முடிவிலோ வார முடிவிலோ நீரை நிறுத்தி, சிக்கியதை எடுப்பார்கள். மிக நுண்ணிய பொடியைப் பிடிக்கப் பாதரசம் ஊற்றுவதும் உண்டு. பாதரசம் பொன்னோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு அதைச் சூடாக்கி ஆவியாக விரட்டினால் பொன் மிஞ்சும். அந்த ஆவி மூச்சில் போனால் விஷம்.

நான்காவது முறையில் பெட்டிக்கு மண்ணை அள்ளிப் போடும் வேலைகூட இல்லை. நீரையே மேட்டின் மேல் பாய்ச்சிவிடுவார்கள். நீர் கரையை அரித்து, மண்ணையும் கல்லையும் தானே பெட்டிக்கு இழுத்து வரும். மனிதர் வேலை கல்லைப் பொறுக்கி ஒதுக்குவதும் நீரை வழிகாட்டுவதும்தான். இப்படிச் செய்தால் ஒரு வண்டி மண்ணில் மிகச் சொற்பப் பொன் இருந்தாலும் கட்டுப்படியாகும். தட்டுக்காரர் கைவிட்டுப் போன இடம் நீருள்ளவருக்குப் பொன் விளையும் நிலமாகிவிடும். ஒடாகோவின் பொன் நீடித்து வந்ததற்கு இதுதான் காரணம்.

ஆற்றிலிருந்து ஏற்றினால் என்ன?

புதிதாகப் படிக்கும் எவருக்கும் தோன்றும் கேள்வி இது. கிளூதா நியூசிலாந்திலேயே அதிக நீர் ஓடும் ஆறு. அது கண்ணெதிரே ஓடும்போது மலைக்குப் போவானேன்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒடாகோவில் நீரை அளந்த அலகு ‘ஹெட்’. ஒரு ஹெட் என்பது நடைமுறையில் நொடிக்கு ஒரு கன அடி. மேட்டூர் அணை நீர்த்திறப்புச் செய்திகளில் நாம் கேட்கும் அதே கன அடிதான். லிட்டரில் சொன்னால் நொடிக்கு 28 லிட்டர், ஒரு நாளைக்கு 24 லட்சம் லிட்டருக்கும் மேல். இந்த ஒரே ஒரு ஹெட்டை ஆற்றிலிருந்து 50 மீட்டர் மேலே உள்ள மேட்டுக்கு ஏற்ற, இழப்பு எதையும் சேர்க்காமலே 19 குதிரைத்திறன் வேண்டும். நம் தோட்டத்துக் கிணற்றில் ஓடும் 5 ஹெச்.பி. மோட்டார் நான்கு, இரவும் பகலும் நிற்காமல் ஓடுவதற்குச் சமம். மேட்டை அரிக்கும் வேலைக்கு ஒரு ஹெட் போதாது, பல ஹெட் வேண்டும்.

1862இல் அந்தச் சக்தி எங்கிருந்து வரும்? நீராவி எந்திரத்தைச் சாலையே இல்லாத மலைக்கு மாட்டுவண்டியில் ஏற்ற வேண்டும். ஏற்றிவிட்டாலும் எரிக்க விறகில்லை. நடு ஒடாகோ மரமற்ற புல்வெளி. ஒரு தொட்டில் செய்யப் பலகை கிடைப்பதே பெரும்பாடு. அங்கே மழையும் குறைவு. அலெக்சாண்ட்ரா நகரத்தில் ஆண்டுக்கு 350 மில்லிமீட்டர் அளவில்தான் பெய்கிறது, தமிழ்நாட்டின் சராசரியில் பாதிக்கும் குறைவு. ஆனால் அதைச் சூழ்ந்த மலைத்தொடர்களின் தலையில் பனி விழுகிறது. அந்தப் பனியிலிருந்து ஓடைகள் ஆண்டு முழுவதும் இறங்குகின்றன. நீரை ஏற்றுவதற்கு வழியில்லாதபோது, ஏற்கெனவே மேலே இருக்கும் நீரைத் தேடிப் போவதுதான் அறிவு.

சரிவை மிச்சம் பிடிக்கும் கலை

இங்கேதான் இந்த விஷயத்தின் மையமான கருத்து வருகிறது. நிதானமாகப் பார்க்க வேண்டியது இதுதான்.

மலை ஓடை செங்குத்தாக இறங்கும். ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்குள் ஐம்பது மீட்டர், நூறு மீட்டர்கூட இறங்கிவிடும். ஆனால் நீர் ஓடுவதற்கு அவ்வளவு சரிவு தேவையே இல்லை. ஒழுங்காக வெட்டிய வாய்க்காலில் கிலோமீட்டருக்கு ஒன்று முதல் இரண்டு மீட்டர் சரிவு இருந்தாலே நீர் நன்றாக ஓடும். ஆகவே ஓடையின் மேல்பகுதியில் ஒரு சிறு தடுப்பணை கட்டி, நீரை ஓடையைவிட்டு வெளியே எடுத்து, மலையின் இடுப்பைச் சுற்றி மெல்லிய சரிவில் வாய்க்காலில் விட்டால், ஓடை கீழே போய்விடும், வாய்க்கால் மேலேயே நிற்கும். போகப் போக இரண்டுக்கும் இடையே உயர வித்தியாசம் வளர்ந்துகொண்டே போகும். இருபது கிலோமீட்டர் கடந்த பிறகும் வாய்க்கால் இழந்திருப்பது முப்பது மீட்டர் உயரம்தான். அதற்குள் கீழே பள்ளத்தாக்கின் தரை நூற்றுக்கணக்கான மீட்டர் இறங்கிவிட்டிருக்கும். மிச்சம் பிடித்த அந்த உயரம்தான் மேட்டு நிலத்தின் தலைக்கு நீரைக் கொண்டுசேர்க்கிறது.

இதை வைத்துப் பார்த்தால், பெரிய ஆற்றிலிருந்தே வாய்க்கால் பிரித்தால் ஏன் பலனில்லை என்பதும் புரியும். தான் புறப்படும் வனாகா ஏரியிலிருந்து கிளைட் என்ற ஊர் வரை கிளூதா இறங்குவது சராசரியாகக் கிலோமீட்டருக்கு ஒன்றரை மீட்டர் அளவுக்குத்தான். வாய்க்காலும் அதே சரிவில்தான் ஓடும். ஆற்றோடு ஆறாகப் பக்கத்திலேயே ஓடுமே தவிர, உயரம் எதையும் சம்பாதிக்காது. செங்குத்தான சிற்றோடைகளில்தான் மிச்சம் பிடிக்க உயரம் இருக்கிறது.

கிலோமீட்டருக்கு ஒன்றரை மீட்டர் என்பது பத்து மீட்டருக்கு ஒன்றரை சென்டிமீட்டர். கண்ணால் பார்த்து இதைச் சொல்லவே முடியாது. மலைப்பக்கத்தில் நிற்கும்போது கண் ஏமாற்றும், மேடாகத் தெரிவது பள்ளமாக இருக்கும். ஆகவே மட்டம் பார்க்கும் கருவி வேண்டும். வசதியுள்ளவர்கள் நில அளவையாளரை வைத்தார்கள். மற்றவர்கள் இரண்டு நீண்ட கால்களைக் கூம்பாக இணைத்து, நடுவே குறுக்குச்சட்டம் அடித்து, உச்சியிலிருந்து தூக்குநூல் குண்டைத் தொங்கவிட்ட எளிய மரச்சட்டத்தைப் பயன்படுத்தினார்கள். இரு கால்களும் ஒரே மட்டத்தில் நின்றால் நூல் குறுக்குச்சட்டத்தின் நடுக்கோட்டைத் தொடும். ஒரு காலின் அடியில் வேண்டிய சரிவுக்கு ஏற்ற சிறு கட்டையை ஆணியடித்துவிட்டால், நூல் நடுவில் நிற்கும்போதெல்லாம் சரிவு சரியாக இருக்கும். அந்தச் சட்டத்தைத் திருப்பாமல் முன்னே நகர்த்தி, முன்கால் நின்ற இடத்தில் பின்காலை வைத்து, ஒவ்வோர் அடியிலும் முளை அறைந்துகொண்டே போனால் வாய்க்காலின் தடம் மலைமேல் எழுதப்பட்டுவிடும். பள்ளிக்கூடம் போகாதவரும் செய்யக்கூடிய, ஆனால் கொஞ்சமும் கவனம் பிசகக்கூடாத வேலை. இதைச் செய்தவர்கள் மீது எனக்குத் தனி மரியாதை உண்டு.

சரிவு கூடினால் நீர் வேகமெடுத்துக் கரையை அரித்துவிடும். குறைந்தால் வண்டல் படிந்து வாய்க்கால் தூர்ந்துபோகும். எங்கோ ஓரிடத்தில் தப்பாகக் கணக்கிட்டு ஒரு சாண் மேலே ஏறிவிட்டால், அதற்கு அப்பால் வெட்டியதெல்லாம் வீண்.

பள்ளமும் பாறையும் பனியும்

மலையின் இடுப்பைச் சுற்றுவது என்றால் ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் நுழைந்து வெளியே வர வேண்டும். காகம் பறக்கும் தொலைவு ஐந்து கிலோமீட்டர் என்றால் வாய்க்கால் பதினைந்து கிலோமீட்டராகிவிடலாம். குறுக்கே ஆழமான பிளவு வந்தால் மரக்கால்களின் மேல் பலகைத் தொட்டி கட்டி நீரைக் கடத்துவார்கள். மாத்தூர்த் தொட்டிப் பாலத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாடு சட்டென விளங்கும். ஆனால் மரம் கிடைக்காத நாட்டில் பலகைத் தொட்டி விலை உயர்ந்த பொருள். ஆகவே முடிந்தவரை சுற்றிப் போனார்கள், பாறைச் சரிவுகளில் கல் அடுக்கிச் சுவர் எழுப்பி அதன்மேல் வாய்க்காலை ஓட்டினார்கள். புல்வேரோடு வெட்டியெடுத்த மண்கட்டிகளைச் செங்கல் போல அடுக்கிக் கரை கட்டினார்கள். பிற்காலத்தில் இரும்புக் குழாய் மலிவானதும், பள்ளத்தில் இறங்கி எதிர்க்கரையில் ஏறும் குழாய்களைப் போட்டார்கள். புகுமுனையைவிட வெளிமுனை சற்றுத் தாழ்வாக இருந்தால் போதும், நீர் தானாக ஏறி வந்துவிடும்.

வெட்டி முடித்த அன்றே நீர் வந்துவிடாது. காய்ந்த சரளை மண் நீரை உறிஞ்சிக்கொள்ளும். களிமண்ணைக் கொண்டுவந்து மிதித்துப் பூச வேண்டும். மெல்ல மெல்ல வண்டலும் படிந்து அடைத்த பிறகுதான் ஒழுக்கு குறையும். அதன் பிறகும் ஆள் ஒருவர் மண்வெட்டியோடு நாள்தோறும் வாய்க்காலோரம் நடக்க வேண்டும். மழையில் மலைச்சரிவு சரிந்து அடைக்கும். கரை உடைந்தால் ஒரு மணி நேரத்தில் மலைப்பக்கமே அறுத்துக்கொண்டு போகும். குளிர்காலத்தில் நீர் உறைந்துவிடும், பனி மூடிவிடும். 1863ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் வந்த வெள்ளமும் பனிப்புயலும் ஒடாகோவின் தங்க வயல்களில் பலரைக் கொன்றன. உறைபனி மாதங்களில் வேலையே நின்றுபோன வயல்களும் உண்டு.

வாய்க்காலின் கடைசியில், வேலை நடக்கும் மேட்டுக்குச் சற்று மேலே, மண்ணணை போட்டு ஒரு சிறு குளம் வைப்பது வழக்கம். இரவெல்லாம் சேரும் நீரைப் பகலில் சேர்த்துத் திறந்துவிட்டால் எட்டு மணி நேரத்துக்கு மூன்று மடங்கு ஓட்டம் கிடைக்கும். குறைந்த நீரைப் பெரிய வேலைக்குப் பயன்படுத்தும் எளிய தந்திரம் இது.

நீர் யாருக்கு?

இங்கிலாந்தின் பழைய வழக்கப்படி ஓடையின் கரை நிலம் வைத்திருப்பவருக்கே அந்த ஓடை நீரில் உரிமை. அவரும் அதை வேறெங்கோ கொண்டுபோய்விடக் கூடாது, ஓடை இயல்பாக ஓட வேண்டும். தங்க வயலில் இந்த வழக்கம் நடைமுறைக்கு ஒத்துவரவில்லை. தங்கம் தோண்டுபவருக்குக் கரையில் நிலம் இல்லை. நீரை ஓடையைவிட்டு வெளியே எடுப்பதுதான் அவருடைய முழுத் தேவையும்.

ஆகவே வேறொரு விதி வந்தது. கலிபோர்னியாவிலும் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலும் ஏற்கெனவே பழகிய விதி: முதலில் எடுத்தவருக்கு முதல் உரிமை. நீர் எடுக்க விரும்புபவர் தடத்தில் முளை அறைந்து, அறிவிப்பு ஒட்டி, தங்க வயலின் வார்டன் என்ற அதிகாரியிடம் விண்ணப்பிப்பார். எதிர்ப்புகளைக் கேட்டு, எந்த ஓடையில் எத்தனை ஹெட் என்று குறித்து வார்டன் உரிமம் தருவார். ஓடையில் பொதுப் பயனுக்கென்று கொஞ்சம் நீர் விட வேண்டும் என்பதும் உண்டு. கோடையில் ஓடை சுருங்கினால், தேதியில் மூத்த உரிமம் தன் பங்கை முழுதாக எடுத்துக்கொள்ளும். மிஞ்சினால்தான் அடுத்தவருக்கு. மிஞ்சாவிட்டால் அவர் சும்மா உட்கார வேண்டியதுதான்.

பஞ்ச காலத்தில் ஒருவருக்கு முழு வயிறும் மற்றவருக்குப் பட்டினியும் தரும் இந்த விதி எனக்கு உவப்பானது அல்ல. ஆனாலும் அது ஏன் நிலைத்தது என்பது விளங்குகிறது. இரண்டு ஆண்டு உழைப்பையும் கடனையும் கொட்டி ஐம்பது கிலோமீட்டர் வாய்க்கால் வெட்டியவர், நாளை மேலே வேறொருவர் வந்து நீரை மறித்துவிடுவார் என்றால் முதல் மண்வெட்டியையே எடுத்திருக்க மாட்டார்.

இதன் விளைவாக நீரே ஒரு சரக்கானது. தங்கம் தோண்டாமல், நீரை மட்டும் கொண்டுவந்து வாரக் கணக்கில் ஹெட்டுக்கு இவ்வளவு என்று விற்ற கூட்டாளிகளும் கம்பெனிகளும் எழுந்தன. குரோம்வெல் என்ற ஊருக்கு அருகே பானக்பர்னில் ஸ்டூவர்ட், மென்சிஸ் என்ற இருவர் அப்படி நீர் கொண்டுவந்தவர்கள். அவர்கள் குடியிருப்பின் சிதைந்த மண்சுவர்களும், கட்டிய குளத்தின் கரையும், பழமரங்களும் இன்றும் அங்கே இருக்கின்றன. எங்கும் நடந்தது ஒன்றே: நீர் வைத்திருந்தவருக்கு வருமானம் நிச்சயம், தோண்டியவருக்கு அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

தனியாரால் முடியாத இடத்தில் அரசும் இறங்கியது. நேஸ்பி என்ற ஊரின் தங்க வயலுக்காக ஹாக்டன் மலைத்தொடரின் அடிவாரத்தைச் சுற்றி அரசு செலவில் வெட்டிய மவுண்ட் ஐடா வாய்க்கால் 1873இல் தொடங்கி 1877இல் முடிந்தது. நீளம் 108 கிலோமீட்டர். வாய்க்கால் முடியும்போது அந்த வயலின் செழிப்பான காலம் கடந்துவிட்டிருந்தது.

இந்த உழைப்பில் சீனர்களின் பங்கையும் சொல்லியாக வேண்டும். 1860களின் நடுவில் ஐரோப்பியர்கள் அதே தீவின் மேற்குக் கடற்கரையில் இருந்த புதிய வயல்களுக்கு ஓடியபோது, ஆளில்லாமல் போன ஒடாகோவுக்கு டனீடன் வணிகர்களே சீனர்களை அழைத்தார்கள். குவாங்துங் பகுதியிலிருந்து வந்த அவர்கள், மற்றவர்கள் கழித்துவிட்டுப் போன மண்ணை மறுபடி கழுவினார்கள். வயலுக்கு நீர் பாய்ச்சிப் பழகிய கைகள் அவை. கல் அடுக்கிய வாய்க்கால்களையும் ஒழுங்காகக் குவித்த கழிவுக்கல் மேடுகளையும் விட்டுச்சென்றார்கள். கூப்பிட்ட நாடே 1881இல் சீனர் ஒருவர் உள்ளே நுழைய 10 பவுண்டு தலைவரி போட்டது. அதற்கு நியூசிலாந்து அரசு மன்னிப்புக் கேட்டது 2002இல்.

உயரமே ஆயுதமானபோது

வாய்க்கால் கொண்டுவந்த நீரை இன்னொரு விதமாகவும் பயன்படுத்தலாம். மேட்டின் தலையில் நீரைத் திறந்துவிடாமல், இரும்புக் குழாயில் அடைத்துக் கீழே இறக்கி, முனையில் ஒடுங்கிய வாயுள்ள பீச்சாங்குழலைப் பொருத்தினால், இழக்கும் உயரம் அத்தனையும் வேகமாக மாறும். அறுபது மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் நீர், உராய்வைக் கழிக்காமல் பார்த்தால், மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் வெளியே பாயும். அந்தப் பீச்சலைக் குன்றின் அடியில் திருப்பினால் குன்று இடிந்து விழும். 1853இல் கலிபோர்னியாவில் துணிக்குழாயோடு தொடங்கிய முறை இது. ஒடாகோவில் கேப்ரியல் பள்ளத்தின் தலைமாட்டில் இருந்த புளூ ஸ்பர் என்ற இறுகிய சரளைக் குன்றையும், பானக்பர்னின் மேடுகளையும் இப்படித்தான் கரைத்தார்கள்.

பள்ளம் ஆழமானதும் புதிய சிக்கல் வந்தது. கழிவு வெளியேறச் சரிவு இல்லை. அதற்கும் நீரையே ஏவினார்கள். குழியின் அடியில், மேல்நோக்கிய ஒரு குழாய்க்குள் அழுத்த நீரைப் பீச்சினால், அது பக்கத்தில் உள்ள சகதியையும் கல்லையும் உறிஞ்சி மேலே தள்ளும். மேலே ஸ்லூஸ் பெட்டி காத்திருக்கும். செயின்ட் பாதன்ஸ் என்ற ஊரில் ஏறத்தாழ 120 மீட்டர் உயரமுள்ள குன்று ஒன்று இப்படிக் கரைந்து, குன்று போய்ப் பள்ளமாகி, பள்ளத்தின் விளிம்பு ஊரையே தொடும் நிலை வந்தபோதுதான், 1934இல் வேலை நின்றது. அந்தப் பள்ளத்தில் நீர் நிரம்பி நீல ஏரி என்று பெயர் பெற்றது. அது இயற்கை ஏரி என்று நினைத்து ரசித்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு.

கரைந்த மலை எங்கே போயிற்று? ஆற்றுக்குத்தான். நேஸ்பியில் வாய்க்காலோடு சேர்த்துச் சகதியை வெளியேற்ற ஒரு கால்வாயையும் அரசு வெட்டியது. அது தையேரி ஆற்றுப் பக்கம் போனது. கீழே இருந்த விவசாயிகள் சேறு படிந்த நிலத்தோடு நீதிமன்றம் போனார்கள். கடைசியில், அரசு அறிவித்த ஆறுகளில் கழிவைக் கொட்டலாம் என்று சட்டமே இடம் கொடுத்தது. அந்த ஆறுகளில் விலாங்கு பிடித்தும் கரைகளில் பறவை வேட்டையாடியும் தலைமுறைகளாகப் பருவத்துக்கு வந்துபோன ‘கை தாஹு’ என்ற மாவோரிப் பூர்வகுடியினரை யாரும் கேட்கவில்லை. அந்த நிலத்தை அரசு வாங்கியது 1848இல், மிகச் சொற்ப விலைக்கு. அப்போது அவர்களுக்கு உறுதி சொன்ன ஒதுக்கீடுகளும் சரியாகத் தரப்படவில்லை. தங்கத்தை நீர் கொண்டுவந்தது என்று சொல்லும்போது, அதே நீர் எதைக் கொண்டுபோனது என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் முறை.

வாய்க்கால்கள் இன்று

பொன் தீர்ந்த பிறகும் சரிவு அப்படியே இருந்தது. மழை குறைந்த நாட்டில் மலைநீரைப் பள்ளத்தாக்குக்குக் கொண்டுவரும் வாய்க்காலை யார் தூர்ப்பார்கள்? இருபதாம் நூற்றாண்டில் அவை ஒவ்வொன்றாகப் பாசனத்துக்கு மாறின. ஆப்ரிகாட், செர்ரித் தோட்டங்கள், மேய்ச்சல் நிலங்கள், பிற்பாடு பானக்பர்னின் திராட்சைத் தோட்டங்கள் என்று அந்த வட்டாரத்தின் வேளாண்மையே தங்கக்கால நீர்வழிகளை ஒட்டி வளர்ந்தது. மவுண்ட் ஐடா வாய்க்கால் மானியோட்டோ சமவெளிக்கு இன்றும் பாசன நீர் தருகிறது.

வாய்க்காலோடு உரிமமும் கைமாறியது. வார்டன் தந்த நீர் உரிமத்தை விவசாயிகள் வாங்கினார்கள், பிள்ளைகளுக்கு விட்டுச்சென்றார்கள். மூத்த தேதிக்கு முதல் பங்கு என்ற விதியும் அப்படியே தொடர்ந்தது. ஓடையில் மீனுக்கென்று எவ்வளவு நீர் விட வேண்டும் என்ற கேள்வியைக் கேட்காத காலத்தில் எழுதிய தாள்கள் அவை. 1991இல் வந்த வள மேலாண்மைச் சட்டம் அவற்றுக்கு முப்பது ஆண்டுக் கெடு வைத்தது. 2021 அக்டோபர் 1 அன்று அந்தக் கெடு முடிந்தது. அதன் பிறகு நீர் வேண்டுபவர்கள், தங்கம் தோண்டியவர் எழுதி வாங்கிய தேதியைக் காட்டாமல், மற்ற எவரையும் போலப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டியிருக்கிறது.